உப்பு ஆகாத உடம்பு

1963 ஜூன் 19, புதன்

விடிந்ததிலிருந்து தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. பனையோலைச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழுவதில்லை. கஞ்சியில் மணல். பாயில் மணல். இந்த நோட்டின் மடிப்பிலும் மணல்.

காலை வேலை: சிறுநீர்ச் சோதனை. கிணற்றுக்குப் பின்னால், கருவேல மறைவில். காற்றில் ஸ்பிரிட் விளக்கு நிற்கவில்லை. தகர டப்பாவை வெட்டி மறைப்பு வைத்தேன். சோதனைக் குழாயைச் சூடு காட்டியதும் மேல்பாதி பால் திரிந்ததுபோல் ஆனது. அமிலத் துளி விட்டும் கரையவில்லை. புரதம் நேற்றைவிடக் கூடுதல். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது.

ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சிங் ஆர்டர்லியாக இருந்தபோது இதே சோதனையை எவ்வளவு பேருக்குச் செய்திருப்பேன். குழாயைப் பார்த்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "ஒன்றுமில்லை, போய்ப் படு" என்பேன். இன்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாகத்தான் வந்தது.

ஊருக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். ஆத்தாவிடம் சொன்னது: குண்டிக்காயில் கோளாறு, உப்பு ஆகாது, அதனால் பட்டாளத்தில் விடுவித்துவிட்டார்கள். சொல்லாதது: மேஜர் டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது. "சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போச்சு. மருந்து கிடையாது. இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள். நீ நம்ம ஆள், அதனால் மறைக்கவில்லை."

நம்ம ஆள். அந்தச் சொல்லுக்காக சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

எனக்கு வயது இருபத்துமூன்று.

உப்பில்லாத குழம்பை ஊற்றிக்கொண்டே ஆத்தா: "ஆடி பொறக்கறதுக்கு முன்ன பேசி முடிச்சிரணும்யா. தேவிபட்டினத்துல ஒரு புள்ள இருக்கா. ஞாயித்துக்கெழம போறோம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

காற்று குறையவில்லை. தலைவலி, பின்மண்டையில்.

ஊரில் எனக்குப் பெயர் "பட்டாளத்து டாக்டர்". டாக்டர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது. இன்று வந்தவர்கள்: கருப்பையாண்ணன், காலில் ஆறாத புண். மேலத்தெருப் பெண் ஒருத்தி, பிள்ளைக்குக் காதில் சீழ். ஒரு கிழவர், ஒன்றுமில்லை, நாடி பிடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். மகிழ்ச்சியாகப் போனார்.

கருப்பையாண்ணன் புண்ணைக் கழுவி, செத்த தோலை வெட்டி, கட்டுப் போட்டேன். கை வேலை செய்யும்போது மட்டும் தனியாக இருப்பதாகத் தோன்றுவதில்லை. கட்டு முடிந்ததும் அவர் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, ஓங்கையி பூவாட்டம் இருக்குடா" என்றார். தினமும் காலையில் வரச் சொன்னேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாத்தியார். சீன எல்லைச் சண்டையில் இருந்து வந்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் மாலை போட வேண்டுமாம், நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "சார், சண்டை நடந்தப்ப நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல" என்றேன். அடக்கமாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

நடந்தது இதுதான். மலைக்குப் போகும் கம்பெனிக்கு மருத்துவ ஆள் நான்தான். பை கட்டி வைத்திருந்தேன். அன்று காலை முகம் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. என்னைக் கீழே அனுப்பினார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு வர்கீஸ் போனான். கோட்டயத்துக்காரன். கூடப் படுத்தவன், கூடச் சாப்பிட்டவன். போகும்போது, "என் சோப்பை நீ எடுத்துக்க, எனக்கு உன் பையில் ஒண்ணு இருக்கும்ல" என்றான். அந்தக் கம்பெனியில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். அவன் பெயர் "காணவில்லை" என்று வந்தது. இறந்தான் என்று இல்லை, காணவில்லை.

இதை வாத்தியாரிடம் எப்படி நாலு வார்த்தையில் பேசுவது.

ஜூன் 23, ஞாயிறு

தே.பட்டினம் போய்வந்தோம். ஆத்தா, மாமா, நான். உச்சிப்புளியில் பஸ், ராமநாதபுரத்தில் மாறி இன்னொரு பஸ். வழியெல்லாம் மாமா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

பெண்ணின் அண்ணன் வேலுச்சாமி. கடற்கரையில், நவபாஷாணத்துக்குப் போகும் வழியில் கடை. கடலுக்குள் நிற்கும் அந்த ஒன்பது கல்லையும் சுற்றிக் கும்பிட வருகிறவர்களுக்கு நவதானியம், கற்பூரம் விற்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. தகப்பனுக்குக் காது கேட்காது. எல்லாம் அண்ணன் பொறுப்பு. நல்ல மனிதர். என்னை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றார்.

பெண் பெயர் முத்துராக்கு. காப்பி கொண்டுவந்தாள். இடது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. சுருங்காமல் நன்றாக ஆறியிருக்கிறது. முகத்தைப் பார்க்குமுன் தழும்பைப் பார்த்தேன், தொழில் புத்தி. பிறகு முகம். நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டே இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

உளுந்தவடை வைத்தார்கள். உப்பு. வேண்டாம் என்றால் பெண்ணை வேண்டாம் என்றது போலாகிவிடும். தின்றேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு உப்பு! நாக்கு சந்தோஷப்பட்டது. இன்னொன்று எடுத்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கிளம்பும்போது வேலுச்சாமி பஸ் வரை வந்தார். "பாத்துப் போங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

முகம் வீக்கம். கண் கீறலாக. குழாயில் பாதிக்கு மேல் வெள்ளை. வடை.

ஆத்தா பாக்கு, பழம், பூ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது. சொன்னேன், டாக்டர் சொன்னதை அப்படியே.

முதலில் நம்பவில்லை. "டாக்டர்னா சாமியா? கல்யாணம் ஆனா உடம்பு தேறிரும். ஒங்கய்யாவும் எலும்பா இருந்த ஆளுதான்."

இது எலும்பு இல்லை ஆத்தா என்றேன். குழாயைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்ததால் கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். நான் குழாயைக் கழுவினேன். வேறு என்ன செய்ய.

பிறகு, மெதுவாக:

"நீ அவுகள்ட்ட சொல்லிராத."

"அது எப்பிடி ஆத்தா? அந்தப் புள்ள வாழ்க்க என்னத்துக்கு ஆகும்?"

"நீயும் போயிட்டா எனக்கு ஆரு இருக்கா? அய்யா போனப்ப நீ இருந்த. நீ போனா? அவளாச்சும் இருப்பா. ஒரு புள்ள தங்குனா அதாச்சும் இருக்கும்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்து.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபம். எனக்கும் அதே எண்ணம்தானே. நேற்று பஸ்ஸில் உச்சிப்புளி வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தது என்ன? ஒருத்தி காப்பி கொண்டுவருவாள், நிமிர்ந்து பார்ப்பாள். இரண்டு வருஷம் சின்ன விஷயமா?

ஜூன் 27, வியாழன்

தே.பட்டினம் போனேன், தனியாக. வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டு வர.

கடையில் கூட்டம். காரைக்குடிப் பக்கத்து யாத்திரைக் கும்பல். வேலுச்சாமி என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து இறங்கி வந்து, ஆள் அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி, எல்லோரிடமும், "நம்ம மாப்பிள்ளை. பட்டாளத்துல டாக்டரா இருந்தவுக." ஒரு பாட்டையா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, சோலியா வந்தீகளா?"

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன்."

கலரைக் குடித்தேன். கடலில் தண்ணீர் ஏறியிருந்தது, கற்களின் தலை மட்டும் தெரிந்தது. நேரம் போனது. கும்பல் போனது. அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான், "அப்ப வாரேன்" என்றேன்.

திரும்பி வந்தேன்.

ஆத்தா வாசலில். கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே, சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டாள். இரவுக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய்.

ஜூன் 28, வெள்ளி

கருப்பையாண்ணன் புண் சிவந்து வருகிறது. நல்ல சிவப்பு, ஆறும் சிவப்பு. மகிழ்ச்சி.

மற்றபடி எதுவும் எழுதும்படி இல்லை. நான் கோழை என்பதைத் தவிர.

ஜூலை 1, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முதல் பஸ்ஸில் போனேன், கடை திறக்கும் நேரம். வேலுச்சாமி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் மறுபடியும் கலர் வரும் என்று நின்றபடியே சொன்னேன். குண்டிக்காய் இரண்டும் கெட்டுவிட்டது, மருந்து இல்லை, நாள் அதிகம் இல்லை, தொற்று வியாதி இல்லை, ஆனால் குடும்பம் நடத்த முடியாது. மேஜருக்கு அறிக்கை கொடுப்பதுபோல் சொல்லியிருக்கிறேன். கடைசியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்தீக."

"ஆமா."

"ஊரெல்லாம் சொல்லிப்புட்டேனே. பந்தலுக்குக்கூடச் சொல்லியாச்சே." பிறகு குரல் இறங்கி, "சரி. இப்பவாச்சும் வந்து சொன்னீகளே. வேற ஒருத்தன்னா சொல்லிருக்க மாட்டான்."

கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். "போய்ட்டு வாங்க தம்பி."

மாப்பிள்ளை போய்விட்டான்.

கடை ஓரமாகச் சுற்றி வரும்போது வீட்டுப் பின்வாசல். முத்துராக்கு நின்றாள், கையில் விளக்குமாறு. எல்லாம் கேட்டிருக்கிறாள். விலகிப் போவாள் என்று நினைத்தேன்.

"உப்பு ஆகாதுன்னு அன்னைக்குச் சொல்லிருக்கலாம்ல? நாந்தான் வடை சுட்டேன். ரெண்டு தின்னீக."

"நல்லா இருந்துச்சு."

"தின்னதுனால ரொம்பப் படுத்துச்சோ?"

"இல்ல" என்றேன். பொய்.

அவள் கண் கலங்கியிருந்தது. இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். "போங்க. வெயிலுக்கு முன்ன போயிருங்க" என்றாள்.

மொத்தமே இவ்வளவுதான் பேசினோம். பஸ்ஸில் இதையே திரும்பத் திரும்ப.

ஆத்தாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். பானை உருளும் சத்தம்.

ஜூலை 4, வியாழன்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது வேறு.

டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நுழையுமுன் காதில் விழுந்தது: "பட்டாளத்துக்குப் போறவனுக்கு அங்கன என்னென்ன சீக்கோ. பொண்ணு வீட்டுல தெரிஞ்சு ஓட்டி விட்டுட்டாக." இன்னொரு குரல்: "காசமாம்ல." டீக்கடைக்காரர் எனக்குத் தனிக் கிளாஸ். குடித்தபின் நானே கழுவி வைத்தேன்.

காலையில் யாரும் வரவில்லை. நேற்றும் இல்லை. வெந்நீர் போட்டு, பஞ்சு கிழித்து, துணி மடித்து வைத்துக் காத்திருந்தேன். வெந்நீர் ஆறியது.

கருப்பையாண்ணன் புண்ணை விட்டால் மறுபடியும் சீழ் வைத்துவிடும் என்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் வாசலிலேயே, "அவுக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக தம்பி." பின்னால் இருட்டில் கட்டிலிலிருந்து தொங்கிய கால். என் கட்டு, அழுக்கேறி.

"வந்தா வெந்நீர்ல கழுவிட்டு வேற துணி கட்டச் சொல்லுங்க. அழுத்திக் கட்ட வேணாம்" என்று கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

இது தொற்றாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லவா? வார்டில் காச நோயாளிக்குத் தட்டு கொண்டுபோகும்போது நானும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் நீட்டுவேன்.

ஜூலை 7, ஞாயிறு

காற்று. அரிப்பு, முதுகெல்லாம். காலையில் வாந்தி.

ஆத்தா பேசி ஆறு நாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். நான் தின்று எழுந்த பிறகுதான் அவள் அடுப்படியில் உட்கார்ந்து தின்பாள். முதுகு மட்டும் தெரியும்.

இன்று அவள் தண்ணீருக்குப் போன நேரம் அடுப்படியில் நெருப்பெடுக்கப் போனேன். எப்போதும் இரண்டு சட்டி இருக்கும், எனக்கொன்று, அவளுக்கொன்று. இன்று ஒன்றுதான். விரல் விட்டு நக்கினேன். உப்பில்லை. மேலே உப்புப் போட்டு வைக்கும் மரவையைத் தேடினேன். பரணில், கவிழ்த்து வைத்திருக்கிறாள். எத்தனை நாளாகவோ.

வெயிலில் கிணற்று வேலை, ஆட்டு வேலை எல்லாம் செய்கிறவள். உப்பில்லாமல் கை கால் இழுத்துக்கொள்ளும்.

வந்ததும் சொன்னேன்: "ஆத்தா, நீ உப்புப் போட்டுத் தின்னு. ஒனக்கு உடம்பு தாங்காது."

குடத்தை இறக்கினாள். "ரெண்டு வாயிக்கு ரெண்டு சட்டி என்னத்துக்கு" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் பேசிவிட்டாள்.

ஜூலை 10, புதன்

விக்கல் விடவில்லை. சிறுநீர் குறைவு. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். மேஜர் சொன்ன கணக்கு நீளம். இது அவ்வளவு போகாது.

மாமா வந்தார். தே.பட்டினத்துப் பெண்ணைக் கீழக்கரைப் பக்கமிருந்து கேட்டு வந்திருக்கிறார்களாம், ஆவணியில் முடியுமாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நல்லது என்றேன்.

நல்லதுதான்.

கருப்பையாண்ணன் மகள் வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்: "அய்யா புண்ணு காஞ்சிருச்சு, சொல்லச் சொன்னாரு!" சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பரவாயில்லை. காய்ந்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

காற்று இன்று இல்லை. ஓலைகூட அசையவில்லை. இப்படி ஒரு நாள் இருந்து எவ்வளவு காலம்.

காலையில் ஆத்தா வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை எதுவும் கையில் இல்லை. அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்பிடிய்யா வரும் அது?"

"எது?"

"அதுதான். எனக்கு எதுவும் தெரியாது. நீ பாத்திருப்பேல்ல. திடுதிப்புனு வந்தா நான் என்ன செய்வேன், சொல்லு."

இந்தக் கேள்வியை வார்டில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கட்வால் மலைப் பக்கத்துப் பையன் ஒருவன், என் வயது, நுரையீரல் முழுக்க நீர். "பிழைப்பேனா?" என்று இந்தியில் கேட்டான். நாளைக்கே எழுந்து நடப்பாய் என்றேன். அவன் தன் ஊருக்குச் சொல்லிவிட வேண்டியது எதையும் என்னிடம் சொல்லவில்லை. நாளை இருக்கிறது என்று நம்பியபடியே செத்துப்போனான்.

ஆத்தாவிடம் உள்ளபடி சொன்னேன். தூக்கம் கூடும். பேச்சு குழறும், ஆளை மாற்றிக் கூப்பிடுவேன், திட்டினாலும் திட்டுவேன், அது நான் இல்லை. வாய் நாறும். கை கால் வெட்டி இழுக்கலாம், அப்போது பிடித்து அமுக்கக் கூடாது. மூச்சு பெரிதாக வாங்கும், பிறகு நிற்கும், பிறகு வாங்கும். கடைசியில் தூக்கம்தான்.

"வலிக்குமா?"

"கடைசியில வலி தெரியாது ஆத்தா. இது பொய் இல்ல."

கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அய்யா உழவு சொல்லிக் கொடுத்தபோது இப்படித்தான் கேட்டிருப்பாளோ என்னவோ.

"சரி. நான் என்ன செய்யணும்?"

சொன்னேன். தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மல்லாந்தே கிடக்கவிட்டால் முதுகு புண்ணாகும், வாந்தி புரையேறும்; அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும்.

"எப்பிடி மாத்துறது? நீ ஆம்பள, கனமா இருப்ப."

"இழுக்கக் கூடாது. எம் முழங்கால மடக்கிரு. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. ஒம் பக்கமா உருட்டு."

பட்டாளத்தில் புதிதாக வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும். தோளை மட்டும் பிடித்து இழுப்பார்கள், நோயாளி கத்துவான். ஆத்தா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்டியிட்டாள். நான் உடம்பைத் தொய்ய விட்டேன், நினைவில்லாதவன் போல. கிணற்றில் இறைத்து இறைத்துக் காய்த்த கை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஆத்தா என்னைத் தொட்டதாக நினைவில்லை.

ஒரே உருட்டு. அவள் மடிப்பக்கம் வந்து கிடந்தேன். முதுகுக்கு அணைவாகத் தலையணையை அவளே வைத்தாள், நான் சொல்லுமுன்.

"வலிச்சுச்சா?"

"இல்ல."

"நெசமாச் சொல்லு."

"தோள்ப்பக்கம் கொஞ்சம் பிடிச்சு இழுத்துட்ட."

"அப்ப சரியா வரல" என்றாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "மல்லாந்து படு. இன்னொருக்கா செஞ்சு பாக்கறேன்."